கத்தரி நாற்று வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் செடி கொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. பூசணி நாள் முழுக்கத் தன் பெருமையே பேசும். பாகல் எதற்கெடுத்தாலும் குத்திப் பேசும். முருங்கை புலம்பும். இத்தனைக்கும் மேலே ஒரு வாயாடி உண்டென்றால் அது கத்தரிதான். அதிலும் முளைத்து இரண்டு இலை விட்ட கத்தரி நாற்று இருக்கிறதே, அது பொழுது விடிந்ததும் ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரை ஓயாது. தண்ணீர் கேட்கும், நிழல் கேட்கும், கதை கேட்கும். விவரமானவர்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சடையன் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

சடையனின் தோட்டம் கரடு என்கிற ஒரு சின்னப் பாறைக்குன்றின் அடியில் இருந்தது. கீழே நல்ல செம்மண் வயல், மேலே கல்லும் சரளையுமாகச் சரிவு, நடுவில் ஒரு கிணறு. அவனுக்கு இருளாயி என்று ஒரு மனைவி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் இருவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் பேசுவாள், அவன் கேட்பான். அப்புறம் அவன் கத்தரி போட ஆரம்பித்தான். கிணற்று மேடு காலியாகிவிட்டது.

கத்தரி போட்ட இரண்டு வருஷமும் ஒரே கதைதான் நடந்தது. நாற்றங்காலில் விதை பழுதில்லாமல் முளைக்கும். சடையன் ஓலைப் பந்தல் போட்டு, வெயில் படாமல், வேளைக்கு மூன்று குடம் தண்ணீர் விட்டு வளர்ப்பான். நாற்று நெடுநெடுவென்று உயரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து, "அடேயப்பா, என்னா உசரம்!" என்று வாயைப் பிளப்பார்கள். பிடுங்கி வயலில் நட்டால் மூன்றாம் நாள் அத்தனையும் தரையில் படுத்துவிடும்.

முதல் வருஷம் மண்ணின் மேல் பழியைப் போட்டான். இரண்டாம் வருஷம் யோசித்து யோசித்து, ஊர்க்காரர்கள் கண் பட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்தான். உயரத்தைப் பார்த்துத்தானே எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்? அதனால் மூன்றாம் வருஷம் பந்தலோடு நிறுத்தாமல் நாலு பக்கமும் சோளத்தட்டைப் படல் கட்டி அடைத்தான். காக்கை பார்க்க முடியாது, காற்றும் நுழைய முடியாது. அவன் நுழைய மட்டும் ஒரு திட்டிவாசல். எனக்கென்னவோ அவன் தன் தலையைச் சுற்றித்தான் படல் கட்டிக்கொண்டான் என்று தோன்றுகிறது.

"நீயும் உள்ள வராத புள்ள" என்றான் இருளாயியிடம்.

"நானுமா? என் கண்ணுமா படும்?"

"யாரு கண்ணுன்னு யாருக்குத் தெரியும்? குடத்தப் படலுக்கு வெளியில வச்சிட்டுப் போ. நான் எடுத்துக்கிறேன்."

அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. கட்டிய பெண்டாட்டியின் கண்ணைக் கொள்ளிக்கண் என்று சொன்னால் யார்தான் மறப்பார்கள்?

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. இந்த வருஷம் விதைத்ததுதான் கடைசி விதை. சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துத் தட்டினாலும் இனி ஒரு விதை விழாது. இதுவும் படுத்துவிட்டால் தோட்டத்தை விட்டுவிட்டு இருளாயியின் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் நல்லவர். அண்ணிதான், போய் இறங்கிய மறுநாளே "எப்பக் கெளம்புறீக?" என்று கேட்கிறவள்.

நாற்றுகளுக்கு இருளாயியைத் தெரியாது. படலின் அடியில் இரண்டு விரல் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. அதன் வழியாகத் தினமும் மூன்று வேளை ஒரு மண்குடம் வந்து உட்காரும். அதைத்தான் அவை பார்த்திருந்தன. அதனால் அவளுக்குக் குடம் என்று பெயர் வைத்துவிட்டன.

"அப்பா, குடம் வந்திருச்சு!"

"அப்பா, இன்னைக்குக் குடம் மூச்சு வாங்குது!"

சடையன் அதைக் கேட்டுச் சிரிப்பான். "என் ராசாக்களுக்கு என்னா அறிவு!" என்பான். வெளியே இடுப்பில் கை வைத்து நிற்கிற இருளாயிக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றுக்கும் நாற்றங்காலுக்கும் எண்பது அடி தூரம். ஒரு நாளைக்கு ஒன்பது குடம் அவள்தான் சுமந்தாள். அப்பா என்ற பெயர் அவனுக்கு, குடம் என்ற பெயர் இவளுக்கு.

ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் எடுத்து வரும்போது அவளுடைய குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. குடத்தை இறக்கி வைத்து, உட்கார்ந்து, முள்ளைப் பிடுங்கினாள். பாதி வந்தது, பாதி உள்ளே ஒடிந்து நின்றுவிட்டது. ரத்தம் வந்தது. அதற்குள் படலுக்கு உள்ளே ரகளை.

"அப்பா, குடத்தக் காணோம்!"

"அப்பா, தொண்ட காயுது!"

சடையன் வெளியே ஓடி வந்தான். "என்ன புள்ள ஆடி அசைஞ்சு வர்ற? பிள்ளைக வாடுதுக."

"முள்ளுத் தச்சிருச்சுய்யா. பாதி உள்ள நிக்குது."

"சரி சரி, குடத்தக் குடு."

குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவள் காலை அவன் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. "அய்யய்யோ, தண்ணி பட்டு இலை மடங்கிருச்சா? எங்க, காட்டு. வலிக்குதா என் ராசா?"

இருளாயி வெளியே நின்று கேட்டாள். ஒரு சக்களத்தியைக் கொண்டு வந்திருந்தால்கூடத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இதுவோ விரல் உயரத்தில் ஆயிரம் சக்களத்திகள், அத்தனைக்கும் வாய் வேறு. நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அவன் அதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சடையன் வழக்கம்போல ஆட்டுப்பட்டிக்குப் புழுக்கை அள்ளப் போனான். இருளாயி குடம் எடுக்காமல் வெறுங்கையோடு நாற்றங்காலுக்குப் போனாள். கிணற்றுப் பக்கத்துப் படலை ஒரு முழம் தூக்கி முட்டுக் கொடுத்தாள். குளிர்ந்த காற்று உள்ளே போயிற்று. இளவெயிலும் கொஞ்சம் போயிற்று. அவள் கையை உள்ளே விட்டாள். எட்டியது நாலு வரிசைதான். அந்த நாலு வரிசையின் தலை மேலே கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசித் தேய்த்தாள்.

"அப்பாவாம் அப்பா! யாருக்கு யாரு அப்பா? தண்ணி சுமக்குறவ ஒருத்தி, பேரு வாங்குறவன் ஒருத்தன். என் வீட்டுல வந்து எனக்கே குடம்னு பேரு வைப்பீகளா? இந்தா வாங்கிக்க. இந்தா, நீயும் வாங்கிக்க."

கடைசி விதை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நாலு வரிசை போனால் போகட்டும், மிச்சம் பன்னிரண்டு வரிசை இருக்கிறதே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொறாமை வந்தவர்களுக்குச் சமாதானம் கிடைப்பதில் ஒரு கஷ்டமும் கிடையாது.

நாற்றுகள் கிறீச்சிட்டன. அந்தக் கிறீச்சலில் அவள் திட்டியது ஒன்றும் அவற்றின் காதில் ஏறவில்லை. அவள் படலை இறக்கிவிட்டு வந்துவிட்டாள்.

சடையன் திரும்பியதும் அழுகை கேட்டது. "அப்பா, எங்கள என்னமோ அடிச்சிருச்சு!"

"எது அடிச்சது?"

"தெரியல. அஞ்சு விரல் இருந்துச்சு. குளுகுளுன்னு காத்தும் வந்துச்சு."

வேலியில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. சடையன் அதனிடம் கேட்டான். "அணில் வந்துச்சா?" ஓணான் தலையை ஆட்டியது. "கோழியா?" அதற்கும் ஆட்டியது. "எலியா?" அதற்கும் ஆட்டியது. சடையன் அன்று முழுக்க அணிலுக்கும் கோழிக்கும் எலிக்கும் பொறி வைத்தான். கஞ்சி ஊற்றும்போது இருளாயியின் கையில் கத்தரி இலை வாசனை அடித்தது. அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

அவள் மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். முதல் நாள் கோபத்தில் போனாள். அப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை. திட்டுவதற்கு என்று போனவள், திட்டி முடித்ததும் மற்றதையும் சொல்ல ஆரம்பித்தாள். முள் இன்னும் உள்ளே இருப்பதைச் சொன்னாள். அண்ணியின் குத்தலைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கையின் வேகம் குறைந்தது. அடித்த கை தேய்த்தது, தேய்த்த கை தடவியது.

நாலு வரிசையும் மாறிக்கொண்டு வந்தது. மற்ற வரிசைகள் வெளிறிப்போய் இரண்டு சாண் உயரம் வளர்ந்து ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கதை பேசின. இந்த நாலும் ஒரு சாணைத் தாண்டவில்லை. தண்டு தடித்தது, இலை கறுத்தது. அதோடு அவற்றின் பேச்சும் குறைந்தது. நாள் ஆக ஆக ஓரத்தில் இருந்த ஒரே ஒரு நாற்றுதான் எப்போதாவது வாயைத் திறந்தது.

சடையன் பதறிப்போனான். அந்த ஓரத்து நாற்றின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என்னடா ராசா, ஏன் பேச மாட்டேங்கிறீக? அப்பன் மேல கோவமா?"

நாற்று யோசித்து யோசித்துச் சொன்னது. "ஒரு கை வரும்."

"எந்தக் கை?"

"நீ இல்லாதப்ப வர்ற கை."

"வந்து அடிக்குதா? வலிக்குதா?"

"முன்னாடி வலிச்சுச்சு. இப்ப வராட்டித்தான் என்னமோ மாதிரி இருக்கு." பிறகு அது கேட்டது. "நாளைக்கும் வருமா?"

சடையன் எழுந்து நின்றுவிட்டான். இரவு பகல் பார்க்காமல் வளர்த்தவன் அவன். இதுவரை ஒரு நாற்றாவது அவனைப் பார்த்து, நாளைக்கு நீ வருவாயா என்று கேட்டதில்லை.

மறுநாள் ஆட்டுப்பட்டிக்குப் போகிறவன் போலப் போய், பாதி வழியில் திரும்பி, எருக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இருளாயி வந்தாள். படலைத் தூக்கினாள். நாலு வரிசையும் அவள் கைப்பக்கம் லேசாகச் சாய்ந்ததை அவன் கண்ணால் பார்த்தான். அவள் தடவிக்கொண்டே பேசினாள்.

"எங்க ஊரு ஊருணியில அல்லி பூக்கும். ஒரு நா அதப் பறிக்க எறங்கி முங்கப் பாத்தேன். மொத வருசம் அவருகிட்ட இதச் சொன்னேன். ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டாரு. இப்பச் சொன்னா, குடத்தக் குடும்பாரு."

அல்லி கதை சடையனுக்கு ஞாபகம் வந்தது. அது தனக்குச் சொன்ன கதை. தனக்கென்று சொன்னதை இவள் இவற்றிடம் போய்ச் சொல்கிறாள். தன் பிள்ளைகளோ இவள் கைக்குச் சாய்கின்றன. யார் மேல் பொறாமைப்படுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் மேலும் பட்டான்.

அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. உச்சி வெயிலில், எந்தப் பைத்தியக்காரனும் நாற்றைத் தொடாத நேரத்தில், அந்த நாலு வரிசையையும் பிடுங்கினான். கரட்டுச் சரிவில் கொண்டுபோய்ச் சரளைக் கல்லுக்குள் குழி பறித்து நட்டான். அங்கே பந்தலும் கிடையாது, படலும் கிடையாது.

இருளாயி ஓடி வந்தாள். "என்னய்யா பண்ற? இந்த வெயில்லயா?"

"உன் கையத் தேடுற பிள்ளைக உனக்குத்தான். இங்கன வந்து ஊருணிக் கதையெல்லாம் சொல்லு."

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. தப்பு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது.

"சொல்றேன். கேக்குறதுக்கு அதுகளாச்சும் இருக்கே" என்றாள்.

நாற்றுகள் வெயிலில் துவண்டு கிடந்தன. அன்று சாயங்காலம் அவள் தனியாக ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்ச் சரிவில் ஊற்றினாள். நாலு வரிசைக்கும் அந்த ஒரு குடம்தான். அடுத்தடுத்த சாயங்காலமும் அப்படியே. அவை தலை தூக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

நாலாம் நாள் சடையன் மிச்சமிருந்த பன்னிரண்டு வரிசையையும் செம்மண் வயலில் நட்டான். பொழுது சாய்ந்து நட்டான், ஈரம் பார்த்து நட்டான், ஒவ்வொன்றுக்கும் பூவரச இலையைக் குடையாக வைத்தான். இரண்டு நாள் அவை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலையில் ஆடிக்காற்று வந்தது.

குடையாக வைத்த இலையெல்லாம் பறந்தது. பிறந்தது முதல் காற்று என்றால் என்ன என்று தெரியாத நாற்றுகள் அவை. உயரம் மட்டும்தான் இருந்தது, அந்த உயரத்தைத் தாங்கத் தண்டு இல்லை. ஒன்று சாய்ந்தது. வரிசையே சாய்ந்தது.

"அப்பா, தூக்கி விடு!"

"அப்பா, என்னையும்!"

சடையன் குச்சி ஊன்றி நிமிர்த்தினான். ஒன்றை நிமிர்த்துவதற்குள் பத்து விழுந்தன. இருளாயியும் வந்து குனிந்து முட்டுக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைகள் மேல் பொறாமைப்பட்டவள்தான். ஆனாலும் அவளால் நின்று பார்க்க முடியவில்லை. "குடம், தண்ணி! குடம், தண்ணி!" என்று அவை அவளைக் கூப்பிட்டன. அந்தப் பெயருக்கு அன்று அவள் கோபப்படவில்லை. முள் ஏறிய காலோடு கிணற்றுக்கும் வயலுக்குமாக ஓடினாள். பொழுது சாய்கிற நேரத்தில் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிக் குரலும் நின்ற பிறகும் சடையன் குச்சியோடு வயலில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை இருளாயி சட்டி பானையை மூட்டை கட்டினாள். அண்ணன் வீட்டுக்குப் போகிற பாதை கரட்டுச் சரிவு வழியாகத்தான் போகும். முன்னால் அவன், பின்னால் அவள். சரிவின் பாதியில் சடையன் நின்றுவிட்டான்.

நாலு வரிசையும் நின்றுகொண்டிருந்தது. காற்று அடிக்கும்போது அவை தரை வரை குனிந்தன. காற்று ஓய்ந்ததும் நிமிர்ந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் நகக்கண் அளவுக்குப் புதுத் துளிர் இருந்தது.

சடையன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டான். "ஏ ராசாக்களா" என்றான். பதில் இல்லை. ஓரத்து நாற்றிடம் போனான். "நீயாச்சும் பேசுடா. அப்பன் மேல கோவமா?" அதுவும் பேசவில்லை.

"கோவமில்லய்யா" என்றாள் இருளாயி. "அதுகளுக்குப் பேச நேரமில்ல. வாயில விட்ட பலத்தையெல்லாம் தண்டுல வச்சிருக்கு. இந்தக் காத்துல நிக்கணும்ல."

அவன் நாலு வரிசையையும் ஒரு முறை பார்த்தான். பிறகு கேட்டான். "எப்படி அடிச்ச? காட்டு."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, நாற்றுகளின் தலை மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினாள். தண்டுகள் மடங்கி, கையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தன. மற்றப் பன்னிரண்டு வரிசையும் ஒரு நாளும் அவன் கையைத் தள்ளியதில்லை.

"பொறாமையிலதான்யா அடிச்சேன்" என்றாள் அவள். "சாகட்டும்னுதான் அடிச்சேன்."

"நானும் சாகட்டும்னுதான் இங்கன நட்டேன்" என்றான் அவன். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "அந்த முள்ளு எந்தக் கால்ல?"

அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். குதிகால் வீங்கியிருந்தது. அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, வேறொரு முள்ளால் அந்த முள்ளைத் தோண்டினான். எடுத்து முடிக்க நேரம் பிடித்தது. அதுவரை அவள் அல்லி கதையை முதலிலிருந்து சொன்னாள். மூட்டை அன்று மறுபடியும் வீட்டுக்குத்தான் திரும்பியது.

அந்த நாலு வரிசையும் காய்த்தது. சரளைக் கல்லில் காய்த்தாலும் காய் சின்னதாக இல்லை. ஒரு காயைக்கூட விற்காமல், பழுக்க விட்டு, அத்தனையையும் விதைக்கு எடுத்தார்கள். அடுத்த வருஷம் அந்த விதையில் முளைத்த நாற்றுகள் பிறக்கும்போதே வாயில்லாமல் பிறந்தன. அந்த விதை கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போயிற்று. கத்தரி வாயை மூடியதைப் பார்த்து மிளகாய் மூடியது, தக்காளி மூடியது, பூசணிகூடப் பெருமையை விட்டுவிட்டது.

அன்று முதல்தான் நாற்று முளைத்து இரண்டு இலை விட்டதும் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் காற்றையும் வெயிலையும் காட்டுகிறோம், விடியற்காலையில் போய் உள்ளங்கையால் அதன் தலையைத் தடவிவிடுகிறோம். தடவும்போது வீட்டில் யாரும் காது கொடுக்காததையெல்லாம் சொல்லவும் செய்கிறோம், அது இன்று வரை ஒருவரிடமும் சொன்னதில்லை.